ஹார்ட் டிஸ்க் போன பழைய டெஸ்க்டாப்: எஸ்எஸ்டியா, புது டிஸ்க்கா, வேறு பெட்டியா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கம்ப்யூட்டர். ஒருநாள் காலையில் போட்டால் கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது. மூன்று கடையில் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். ஒருவர் "எஸ்எஸ்டி போட்டுடலாம் சார்" என்பார்; சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிரைவ் அது. அடுத்தவர் "இந்த போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட், நல்ல பழைய ஐந்நூறு ஜிபி ஒண்ணு இருக்கு" என்பார். மூன்றாமவர் பெட்டியையே எக்ஸ்சேஞ்சில் போடச் சொல்வார். மூன்று பதிலும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் பொருந்தும். மூவரும் தங்கள் கடையில் இருப்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இங்கே பேசுவது ஏறத்தாழ 2008 முதல் 2015 வரை வாங்கிய டெஸ்க்டாப்புகளைப் பற்றி: கோர் 2 டுவோ, டூயல் கோர் பென்டியம், முதல் நான்கு தலைமுறை ஐ3, ஐ5. வீட்டு உபயோகம், டிடிபி சென்டர், மருந்துக்கடை பில்லிங், ஆடிட்டர் அலுவலகம் என்று இன்னும் ஏராளமான இடங்களில் இவைதான் ஓடுகின்றன.

எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. செத்த டிஸ்க்குக்குள் இருந்ததை என்ன செய்வது என்பது ஒன்று. பெட்டியை என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வரும்போதுதான் பெரிய நஷ்டம் நடக்கிறது. "பழைய டிஸ்க்கை ஃபார்மட் போட்டுப் பார்த்தேன், சரியாகல, புதுசு மாட்டிட்டேன்" என்று மாலையில் போன் வரும். ஃபார்மட் போட்டதில் பத்து வருடப் புகைப்படம் போயிருக்கும்.

## போனது டிஸ்க்தானா?

டிஸ்க் தெரியவில்லை என்ற செய்திக்கு டிஸ்க் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பழைய பெட்டிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோவது வெகு சாதாரணம். வட்டமாகக் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி அது. அது தீர்ந்தால் பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும் அடிப்படை நிரல், போர்டிலேயே இருப்பது) தன் அமைப்புகளை மறந்துவிடும். தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பூட் வரிசை மாறிவிடும். சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழி) புதிய ஏஹெச்சிஐ முறையிலிருந்து பழைய ஐடிஇ முறைக்கு மாறிவிட்டால் விண்டோஸ் கிளம்பும்போதே நீலத்திரை காட்டி நின்றுவிடும். டிஸ்க் நன்றாகவே இருக்கும்.

சாட்டா கேபிள் அடுத்த சந்தேகம். வேறு கேபிள், போர்டில் வேறு சாக்கெட், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) வரும் வேறு பவர் முனை, மூன்றையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண் (சிஆர்சி பிழை, அதாவது தரவு வழியில் சிதைவது) ஏறிக்கொண்டே போய், மற்றவை சுத்தமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். 5, 197, 198 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தை விட்டு நகர்ந்திருந்தால் கதை வேறு. 5 என்பது ஏற்கெனவே கெட்டு, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 படிக்கவே முடியாதவை. 197 நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் இவற்றைக் காட்டும். அது இந்த எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டுவதால் 197 என்பது சி5 என்றும், 198 சி6 என்றும், 199 சி7 என்றும் தெரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு பார்வை பாருங்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தாலோ, புதிதாகப் போடும் எந்த டிஸ்க்கும் அதே கதிக்குத்தான் போகும். இதைச் சொல்லாமல் டிஸ்க்கை மட்டும் விற்கும் கடைதான் அதிகம்.

## உள்ளே இருந்ததற்கு என்ன விலை?

"டக்... டக்... டக்..." என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே பவரை எடுத்துவிடுங்கள். படிக்கும் முனை தட்டைத் தேடித் தோற்றுத் திரும்பும் ஓசை அது. அந்த முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அது சேதமடைந்திருந்தால் ஒவ்வொரு முறை ஓட விடும்போதும் தட்டின் மேற்பூச்சைச் சுரண்டும் ஆபத்து உண்டு. மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் இணையத்தில் இன்னும் உலவுகிறது. நம்மூர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த உடனே தட்டின் மேல் நீர் படியும் என்பதால் அதை அடியோடு மறந்துவிடலாம்.

சத்தம் ஒன்றுமில்லை, மெதுவாக இருக்கிறது, இடையிடையே தொங்கிவிடுகிறது என்றால் பேட் செக்டார். இங்கே நாமே முயலலாம், ஒரு நிபந்தனையோடு: அந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் பழுதுபார்ப்பு நிரலை ஓட்டக் கூடாது, எதையும் எழுதக் கூடாது. லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு நகலெடுப்பது முறை. அது எளிதாகப் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் அந்த வரிசையில் கேட்பதுதான் புத்திசாலித்தனம். நகல் கிடைத்த பின், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரல்களில் ஒன்று நகலின் மேல் ஓடட்டும். ஃபோட்டோரெக் படங்களை மீட்டுவிடும். கோப்பின் பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. கல்யாண ஆல்பத்துக்கு அது பரவாயில்லை, கணக்குக் கோப்புகளுக்குத் தலைவலி.

பவர் கொடுத்தும் சுழலவே இல்லையென்றால் அடியில் இருக்கும் பச்சைப் பலகை போயிருக்கலாம். அதே மாடல் பலகையை மாற்றிப் போட்டால் ஓடிவிடும் என்பார்கள். மிகப் பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போது அந்தந்த டிஸ்க்குக்கென்றே அளந்து எழுதிய விவரங்கள் பலகையில் ஒரு சிறு சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் கழற்றி மாற்ற வேண்டும். செல்போன் சிப் வேலை செய்யும் கை தேர்ந்த மெக்கானிக் அதைச் செய்துவிடுவார். டிஸ்க்கைக் கழற்றி மாட்ட மட்டும் தெரிந்த கடையால் முடியாது.

தரவு மீட்பு நிறுவனங்களின் கட்டணம் சில ஆயிரத்தில் தொடங்கி, முனை மாற்றும் வேலை என்றால் பல பத்தாயிரத்துக்குப் போகும். பழைய கம்ப்யூட்டரின் மொத்த மதிப்பையே அது தாண்டிவிடும். ஆகவே பெட்டியின் விலையோடு இதை ஒப்பிடாதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த டிஸ்க்கில் இருந்ததில் எது வேறு எங்கும் இல்லை? கூகுள் கணக்கில் படங்கள் இருக்கின்றன, ஆடிட்டரிடம் கணக்கு இருக்கிறது என்றால் மீட்புக்குச் செலவு செய்ய வேண்டாம். வேறெங்கும் இல்லாதது இருந்தால் டிஸ்க்கைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, பெட்டியின் முடிவுக்கு வாருங்கள். சோதனைக் கட்டணம் எவ்வளவு, தரவு வராவிட்டாலும் அது உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## பெட்டிக்கான அளவுகோல்கள்

நான் பார்ப்பவை இவை. போர்டு எதை ஏற்கும்? அந்த மெஷினோடு மட்டுமே பிணைந்த மென்பொருளோ பிரின்டரோ இருக்கிறதா? இணையத்தில் இணைந்து ஓடப்போகிறதா? எவ்வளவு இடம் தேவை? இன்னும் எத்தனை வருடம் இது உழைக்க வேண்டும்? கடைசியாக, பில்லில் வராத செலவு: ஓஎஸ் போடும் கூலி, மென்பொருள் உரிமம், கேபிள், பிராக்கெட், ஒரு நாள் வேலை நின்ற நஷ்டம்.

ரூபாய்க் கணக்கை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். 2025 பிற்பாதியில் ஏறத் தொடங்கிய மெமரி சிப் விலையால் எஸ்எஸ்டி, ராம் இரண்டின் விலைப்பட்டியலும் நிலையாக இல்லை; இன்று எழுதும் எண் அடுத்த மாதமே தவறாகலாம்.

இரண்டாவது அளவுகோலைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு டிடிபி சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் 7, அதில் இருபது வருடத்து அழைப்பிதழ் மாதிரிகள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அவற்றை ஓட்டும் கீபோர்டு மென்பொருள், சில இடங்களில் அதற்கொரு டாங்கிள், அதாவது போர்ட்டில் செருகினால்தான் மென்பொருளை ஓடவிடும் சாவி. மருந்துக்கடை என்றால் ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய பில்லிங், பேரலல் போர்ட்டில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். ஜோசியர் வீட்டில் எக்ஸ்பி காலத்து ஜாதக மென்பொருள். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இந்த மெஷின்களுக்கு வயதாகிவிட்டது என்பதற்காகப் பெட்டியை மாற்றினால் மாற்றும் செலவு பெட்டியின் விலையோடு நிற்காது.

## சாட்டா எஸ்எஸ்டி

முதலில் "பழைய போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட்" என்ற பேச்சு. 2011இல் வந்த, இன்டெல் எச்61 சிப்செட் உள்ள போர்டில் எல்லா சாட்டா முனைகளும் விநாடிக்கு 3 கிகாபிட் வேகம்தான். அதாவது நடைமுறையில் 300 எம்பிக்குள். இன்றைய சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தரும். பாதி வேகம் வீணாகிறது என்பது கணக்குப்படி சரி. ஆனால் விண்டோஸ் கிளம்புவதும், குரோம் திறப்பதும் பெரிய கோப்பை நேர்க்கோட்டில் படிக்கும் வேலை கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கங்கே தேடிப் படிக்கும் வேலை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.2, முனை நகர இன்னும் எட்டு ஒன்பது. ஆக ஒரு துண்டுக்கு 12, 13 மில்லிவிநாடி. விநாடிக்கு எண்பது துண்டுகூடத் தேறாது. எஸ்எஸ்டி அதே விநாடியில் ஆயிரக்கணக்கில் தரும். 3 கிகாபிட் முனை இந்த வித்தியாசத்தைத் தடுப்பதில்லை. பழைய பெட்டியில்தான் எஸ்எஸ்டியின் பலன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஜி31, ஜி41 போர்டுகளில் ஐசிஹெச்7 சிப் இருக்கும். அதில் ஏஹெச்சிஐ முறை கிடையாது. ஐடிஇ முறையிலேயே எஸ்எஸ்டி ஓடும், கொஞ்சம் குறைவாக. எச்81 (2013) போர்டு என்றால் இரண்டு முனைகள் 6 கிகாபிட், இரண்டு 3 கிகாபிட். எஸ்எஸ்டியை வேகமான முனையில் மாட்டச் சொல்லுங்கள்.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 என்விஎம்இ வகைக்கு இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் உட்கார இடமே இல்லை. அடாப்டர் கார்டு போட்டு மாட்டினாலும் இந்தக் காலத்து பயாஸ்களில் பெரும்பாலானவை அதிலிருந்து பூட் ஆகாது. 240 அல்லது 256 ஜிபி ஒரு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தாராளம். டிராம் (உள்ளே தனி நினைவகச் சிப்) இல்லாத மலிவு மாடல் போதும். பெரிய கோப்புகளை அடிக்கடி எழுதுபவர் க்யூஎல்சி வகையை (ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பது) தவிர்க்கலாம். அதன் வேகமான முன்பகுதி நிரம்பிய பிறகு எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போவதுண்டு. பெயர் தெரியாத பிராண்டில் "2 டிபி எஸ்எஸ்டி" நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், உள்ளே ஒரு மெமரி கார்டுதான் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரல் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும்.

பில்லில் வராதவை: 3.5 அங்குல இடத்தில் பொருத்த ஒரு பிராக்கெட், ஒரு நல்ல சாட்டா கேபிள். பிராக்கெட் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் ஒரு ஸ்க்ரூவிலோ இரட்டைப் பக்க டேப்பிலோ நிற்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை இல்லையென்றால் மோலெக்ஸ் என்ற பழைய நான்கு ஊசி முனையிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் தருவார்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனை உள்ள மலிவு வகை உள்ளேயே ஷார்ட் ஆகி எரிந்திருக்கிறது. வயர்கள் தனித்தனியாகக் கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டியின் உண்மையான குறை வேறு. ஹார்ட் டிஸ்க் முனகும், மெதுவாகும், ஏதாவது ஒரு விதத்தில் எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமலே போய்விடும். டிரிம் வசதி (அழித்த இடத்தைக் காலி செய்யும்படி ஓஎஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்வது) இருப்பதால் தவறி அழித்த கோப்பை மீட்கவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே எஸ்எஸ்டி வாங்கும் அன்றே பேக்கப்புக்கு ஒரு வழி வேண்டும்; அதையும் இதன் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எஸ்எஸ்டியை எழுதி நிரப்பிப் பீரோவில் பூட்டி வைப்பது சரியான சேமிப்பு முறை அல்ல. ஜெடெக் என்ற சிப் துறை அமைப்பின் தரம் சாதாரண எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான். புதிய எஸ்எஸ்டி அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் வெப்பம் அதற்கு எதிரி, நம் மே மாதம் 30 டிகிரியில் நிற்பதில்லை.

எக்ஸ்பி ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. எக்ஸ்பிக்கு டிரிம் தெரியாது. டிஸ்க்கின் பகுதியை (பார்ட்டிஷன்) 63ஆவது செக்டாரில் தொடங்குவதால் எஸ்எஸ்டியின் உள்ளமைப்போடு ஒட்டாது. பகுதியை விண்டோஸ் 7 டிஸ்க்கிலோ லினக்ஸிலோ முன்பே பிரித்துவிட்டு, கால்வாசி இடத்தைப் பிரிக்காமல் காலியாக விட்டால் நன்றாகவே உழைக்கும்.

## புது ஹார்ட் டிஸ்க்

ஓஎஸ் போடுவதற்காகப் புது ஹார்ட் டிஸ்க் வாங்குவதை இன்று நான் யாருக்கும் சொல்வதில்லை. விண்டோஸ் 10 பழைய வேகத்திலேயே, அதாவது பழைய மந்தத்திலேயே ஓடும். விலையிலும் பெரிய லாபம் இல்லை: மோட்டார், தட்டு, முனை என்று ஒரு அடக்க விலை எப்போதும் இருப்பதால் குறைந்த அளவு டிஸ்க் மலிவாவதே இல்லை. "புது 500 ஜிபி" என்று யாராவது தந்தால் தயாரிப்புத் தேதியையும் வாரன்டியையும் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இடம்தான் தேவை என்றால் கதை மாறும். வீடியோ எடிட் செய்பவர், ஸ்டூடியோ வைத்திருப்பவர், குடும்பப் படங்களை வீட்டிலேயே வைக்க விரும்புபவர்: இவர்களுக்கு ஓஎஸ்ஸுக்கு ஒரு சிறு எஸ்எஸ்டி, சேமிப்புக்கு ஒரு 1 அல்லது 2 டிபி ஹார்ட் டிஸ்க் என்ற ஜோடிதான் சரி. இங்கே இரண்டு பொறிகள். ஒன்று எஸ்எம்ஆர்: ஓடு வேய்ந்ததுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுதும் முறை. ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் தொடர்ந்து எழுதினால் தள்ளாடும். 2 டிபி டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் இந்த வகை பரவலாக இருக்கிறது. சீகேட் பாரகுடா 2 டிபியில் எஸ்டி2000டிஎம்008 மாடல் அப்படி. 1 டிபியில் டபிள்யூடி10இஇசட்இஎக்ஸ், எஸ்டி1000டிஎம்010 இரண்டும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத, வழக்கமான சிஎம்ஆர் முறை. மாடல் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும். இன்னொன்று அளவு: டிஸ்க்கைப் பிரித்துக் குறிக்கும் பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் போகாது; பழைய பயாஸிலும் அதற்கு மேற்பட்ட டிஸ்க்கில் சிக்கல் வரலாம். 4 டிபி வாங்கி வந்து பாதி தெரியவில்லை என்று திரும்பப் போகாதீர்கள்.

## பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களின் கம்ப்யூட்டர் கடைகளிலும் மிக மலிவாகக் கிடைப்பது இதுதான். பல, சிசிடிவி ரெக்கார்டரிலிருந்து கழற்றியவை. ஸ்மார்ட்டில் 9ஆம் எண் ஓடிய மணிநேரத்தைச் சொல்லும். வருடத்துக்கு 8,760 மணி. 35,000 காட்டினால் நான்கு வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க். அந்த எண்ணையும் பூஜ்யமாக்கி விற்கிறார்கள்: 2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த சீகேட் சர்வர் டிஸ்க்குகள் புதியவை என்ற பெயரில் ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டது வெளிவந்தது. ஸ்மார்ட் எண்கள் அழிக்கப்பட்டிருந்தாலும், ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு உண்மையைச் சொன்னதால்தான் பிடிபட்டது.

வாரன்டி என்பது பெரும்பாலும் கடைக்காரரின் வாய்வார்த்தை. நான் இதை ஒரே ஒரு நிலைமையில் ஏற்பேன்: மெஷினை இன்னும் சில மாதத்தில் ஓரங்கட்டப்போகிறீர்கள், அதில் எதையும் சேமிக்கப்போவதில்லை. ஐடிஇ பட்டைக் கேபிள் மட்டுமே உள்ள, சாட்டாவுக்கு முந்தைய பெட்டிக்கு வேறு வழி குறைவு என்பதும் சரிதான். அங்கேயும் ஒரு கன்வெர்ட்டர் போட்டுச் சிறு எஸ்எஸ்டி மாட்ட முடிகிறதா என்று முதலில் பார்க்கலாம்.

## டிஸ்க்கே இல்லாமல், பென் டிரைவில் லினக்ஸ்

தற்காலிகத்துக்கு அருமை. தரவை மீட்கும்வரை, பிள்ளைகளின் ஆன்லைன் வேலை நிற்காமல் இருக்க, மெஷினின் மற்ற பாகங்கள் நலமா என்று பார்க்க லினக்ஸ் மின்ட் போதும். நிரந்தரமாக ஓட்டினால் பென் டிரைவ் சீக்கிரம் தேய்ந்துவிடும். லினக்ஸையே பிடித்துப்போனால் அதை எஸ்எஸ்டியில் போடுங்கள். தமிழ்99 தட்டச்சு, லிப்ரே ஆபீஸ், பிரவுசர் எல்லாம் உண்டு. டேலி, பேஜ்மேக்கர்காரர்களுக்கு இது விடையாகாது.

## பெட்டியையே மாற்றுவது

இதற்கு ஆதரவான வலுவான வாதம் வேகம் கிடையாது, பாதுகாப்பு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல். நாம் பேசும் பெட்டி எதுவும் தேறாது. சுற்றுவழியில் போட்டுவிடலாம் என்பார்கள். ஐ3, ஐ5இல் நடக்கும், மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. கோர் 2 டுவோவில் 24எச்2 பதிப்பு பூட் ஆகவே ஆகாது, அது கேட்கும் கட்டளைகள் அந்தச் சிப்பில் இல்லை.

நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, வருமான வரி என்று தினமும் இணையத்தில் பணம் புழங்கும் மெஷின் என்றால் இந்த வாதத்துக்கு எனக்கு மறுப்பில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் ரீஃபர்பிஷ்டு பெட்டிகளில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, எச்பி புரோடெஸ்க் 600 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 வரிசைகள் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குபவை. "ஐ5" என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தை நம்பாமல் தலைமுறையைக் கேளுங்கள். ஆறாம் தலைமுறையை வாங்கினால் மீண்டும் இதே இடத்தில்தான் நிற்போம். டிஸ்ப்ளே போர்ட் மட்டுமே உள்ள பெட்டிக்குப் பழைய மானிட்டரை மாட்ட அடாப்டர் வேண்டும். எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்பதால் போனால் பக்கத்துக் கடையில் கிடைக்காது.

உரிமக் கணக்கும் உண்டு. அதே போர்டில் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் தானாகத் திரும்பிவிடும், அது போர்டோடு பிணைந்தது. பெட்டியை மாற்றினால் புதுப் பெட்டியோடு உரிமம் வருகிறதா என்று பாருங்கள். டேலிக்கு எந்த வழியில் போனாலும் உரிமத்தை மறுபடி செயல்படுத்த வேண்டியிருக்கும். சீரியல் எண்ணும் பதிவு செய்த மெயிலும் கையில் இருக்கட்டும். 16 பிட் பழைய நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. டாஸ் நிரலை டாஸ்பாக்ஸில் ஓட்டலாம், பிரின்ட் எடுப்பதில்தான் மல்லுக்கட்டு. யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிளில் பிரின்டர் ஓடும், டாங்கிள் பெரும்பாலும் ஓடாது.

மின்சாரத்தைச் சொல்லிப் புதுப் பெட்டி விற்பவர்களுக்கும் ஒரு கணக்கு: பழைய பெட்டி சும்மா நிற்கும்போது 60 வாட், மினி பிசி 15 வாட் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு எட்டு மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு மிச்சம் சுமார் 11 யூனிட். அதற்காக யாரும் கம்ப்யூட்டர் மாற்ற வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | சாட்டா எஸ்எஸ்டி | புது ஹார்ட் டிஸ்க் | பழைய ஹார்ட் டிஸ்க் | பென் டிரைவ் லினக்ஸ் | ரீஃபர்பிஷ்டு பெட்டி |
|---|---|---|---|---|---|
| கைச்செலவு | நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு | அதிகம் |
| வேகம் | கண்கூடாக மாறும் | மாறாது | மாறாது | சுமார் | நன்று |
| மறைந்த செலவு | பேக்கப், பிராக்கெட் | எஸ்எம்ஆர், 2 டிபி வரம்பு | மறுபடி சாவது | தேய்மானம் | உரிமம், பழைய பிரின்டர், டாங்கிள் |
| பழைய மென்பொருள் | ஓடும் | ஓடும் | ஓடும் | ஓடாது | சந்தேகம் |
| இணையப் பாதுகாப்பு | ஓஎஸ்ஸைப் பொறுத்தது | ஓஎஸ்ஸைப் பொறுத்தது | ஓஎஸ்ஸைப் பொறுத்தது | நன்று | நன்று |
| எதிர்பார்க்கும் காலம் | சில வருடம் | சில வருடம் | சொல்ல முடியாது | வாரங்கள் | பல வருடம் |

## யாருக்கு எது

மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3 வைத்திருக்கும் வீட்டுக்குத் தயங்காமல் எஸ்எஸ்டி. ராம் 4 ஜிபி என்றால் பழைய டிடிஆர்3 ஒன்றை வாங்கி 8 ஆக்குங்கள். எச்61 போர்டில் இரண்டு இடங்கள், மொத்தம் 16 வரை ஏற்கும். பணப் பரிவர்த்தனையை அதில் செய்யாமல் இருந்தாலோ, லினக்ஸ் போட்டாலோ, சில வருடம் தாராளமாக ஓடும்.

டிடிபி சென்டருக்கும் பழைய பில்லிங் கடைக்கும் என் யோசனை: பழைய பெட்டியை எஸ்எஸ்டி போட்டு உயிர்ப்பித்து, இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். மெயிலுக்கும் வங்கிக்கும் தனியாக ஒரு ரீஃபர்பிஷ்டு பெட்டி. கோப்புகள் பென் டிரைவில் போய் வரட்டும். எல்லா மென்பொருளும் எழுத்துருவும் போட்டு முடித்த அன்றே அந்த எஸ்எஸ்டியை முழுதாக ஓர் இமேஜாக (அப்படியே திரும்பப் போடக் கூடிய நகல்) எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அடுத்த முறை எஸ்எஸ்டி போனால் ஒரு மணிநேர வேலையாகத்தான் இருக்கும். அந்த எழுத்துருக்களின் நிறுவல் சிடியை மீண்டும் தேடி அலைய வேண்டியிராது.

ஆடிட்டர், ஜிஎஸ்டி கன்சல்டன்ட், டேலி நாள் முழுக்க ஓடும் அலுவலகம்: பெட்டியை மாற்றுங்கள். ஒரு நாள் வேலை நிற்பதற்கான விலையே பாதிப் பெட்டிக்கு வந்துவிடும்.

கோர் 2 டுவோவுக்கு எஸ்எஸ்டி போடலாமா என்றால், போடலாம், ஒரு யோசனையோடு. சாட்டா எஸ்எஸ்டி அந்தப் பெட்டியோடு சாகாது. நாளை அதைக் கழற்றி வேறு பெட்டியிலோ, யுஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிரைவாகவோ வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்2 ராமுக்கும் புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கொடுத்த பணம் அப்படித் திரும்பாது. அந்தப் பெட்டியில் எஸ்எஸ்டியைத் தாண்டி எதையும் வாங்க வேண்டாம்.

## கழற்றிய டிஸ்க்

கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், உழைக்காத டிஸ்க்காக இருந்தாலும். பலகையை மாற்றினால் படிக்கக் கூடியதாக அது இருக்கலாம். அதில் உங்கள் ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் இருக்கும். மேலே தேதியும் மெஷின் பெயரும் எழுதி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். புது அமைப்பு ஓடத் தொடங்கிய சில மாதத்தில், "அந்தக் கோப்பு எங்கே?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். யாரும் எதையும் கேட்காமல் ஒரு வருடம் போய்விட்டால், சுழலும் டிஸ்க் என்றால் முழுக்கப் பூஜ்யம் எழுதி அழித்து, சுழலாதது என்றால் தட்டுகளைத் துளைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.